பெயரளவு மாப்பிள்ளை

1

இந்தக் கதை ஒரு கையேட்டின் மூன்றாம் அத்தியாயமாக இருந்திருக்க வேண்டியது. கையேடு, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் கணக்கெடுப்பாளர்களுக்கானது. அத்தியாயத்தின் தலைப்பு "மாறிகளும் அவற்றின் அளவு நிலைகளும்". இப்போதே கொட்டாவி வந்தால் தாராளமாக விடலாம். போன வருடப் பயிற்சி வகுப்பில் நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் விட்டார்கள். நான்தான் எண்ணினேன். புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

என் பிரிவின் அதிகாரிக்கு அலுவலகத்தில் தசமம் என்று பெயர். எந்த எண்ணைக் கொடுத்தாலும் "புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இடம் போடுங்க" என்பார். யாராவது "ஏழு டீ" என்று சொன்னால் பின்னாலிருந்து இன்னொருவர் "ஏழு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்" என்பார். தசமமும் சிரிப்பார். கேலி என்று புரியாமல், திருப்தியில் சிரிப்பார்.

கதையாக எழுதச் சொன்னது அவர்தான்.

"இத இப்படியே போட்டா யாரு படிப்பா? ஒரு குடும்பத்த வச்சுக் கதையா எழுதுங்க."

"எந்தக் குடும்பம் சார்?"

"எதுவா இருந்தா என்ன. உங்க குடும்பத்தையே வச்சுக்குங்களேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பக்கத்தையே மறுபடி துடைத்தார். நான் "சரி சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

முதல் தொடக்கம் இது:

"ஒரு ஊரில் நான்கு சகோதரர்கள் இருந்தார்கள். மூத்தவன் பெயரளவு. அவனுக்குப் பெயர் வைக்க மட்டும்தான் தெரியும். இது சிவப்பு, அது நீலம் என்பான். எது பெரிது என்றால் விழிப்பான். இரண்டாமவன் வரிசை அளவு. யார் முன்னே, யார் பின்னே என்பான். எவ்வளவு முன்னே என்று கேட்டால் கோபித்துக்கொள்வான். மூன்றாமவன் இடைவெளி அளவு. எவ்வளவு என்றும் சொல்வான். ஆனால் அவனுடைய பூஜ்யம் அவனே வைத்துக்கொண்டது. வெப்பமானி பூஜ்யம் காட்டினால் வெப்பமே இல்லை என்று ஆகாதல்லவா, அது மாதிரி. கடைக்குட்டி விகித அளவு. அவனிடம் அசல் பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் கிலோ என்றால் ஒன்றுமே இல்லை. அந்தத் திமிரில் அவன் மற்ற மூவரோடும்"

விட்டுவிட்டேன். நான்கு பேருக்கும் கல்யாணம் செய்துவைக்கும்படி தசமம் கேட்பார்.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்."

இது சின்னதாக இருந்தது. வைத்துக்கொண்டேன்.

2

அந்த இரண்டு பேர், நானும் அத்தையும். அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. வயது ஐம்பத்தாறு (விகித அளவு). வேலை, செருப்புக் கடையில் (பெயரளவு). கடையில் விற்பனையாளர்களிலேயே மூத்தவர் (வரிசை அளவு). காலையில் அவருடைய பேச்சின் வெப்பநிலை (இடைவெளி அளவு, பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும்). ஒரு வீட்டைப் பார்த்தவுடன் அதிலுள்ளவற்றை இப்படித்தான் வகை பிரிக்க வேண்டும், பயிற்சியாளர்களே.

மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தாள். (எட்டு மாதம் ஆகிறது. மூளையில் ஒரு நரம்பு. அவள் அலுவலகத்தில், அவள் நாற்காலியில். வயது இருபத்தொன்பது. இந்த அடைப்புக்குறிக்குள் இதற்கு மேல் இடமில்லை.)

பெயரளவை விளக்க ஒரு நல்ல உதாரணம் கைவசம் உண்டு. எங்கள் படிவத்தில் திருமண நிலைக்கு நான்கு எண்கள். 1 மணமாகாதவர். 2 மணமானவர். 3 பிரிந்தவர். 4 துணையை இழந்தவர். இந்த எண்கள் வெறும் சீட்டு. கூட்டக் கூடாது, வகுக்கக் கூடாது. தசமம் இரண்டையும் செய்தார். போன அறிக்கையில் "சராசரித் திருமண நிலை 2.37" என்று அச்சாகி வந்துவிட்டது. ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்து அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தசமம் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

"கல்யாணம் ஆனவங்கதான். ஆனா கொஞ்சம் மனஸ்தாபம்."

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி இரண்டு பெண்களையும் சிரிக்கவைத்தேன். அப்போது நான் 2. இப்போது 4. இரண்டு மடங்கு ஆகிவிட்டேன் என்று சொல்லக் கூடாது. அதற்குத்தான் இந்த அத்தியாயம்.

தமிழில் இந்த அளவுக்குப் பெயர் வைத்தவர் குறும்புக்காரர். பெயரளவுக்கு என்றால் ஒப்புக்கு என்றும் அர்த்தம். பெயரளவுக்கு விசாரணை, பெயரளவுக்கு ஒரு தலைவர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கையேட்டில் ஒரு பத்தி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சகலை தீர்த்துவைத்தார். சகலை என் மனைவியின் தங்கை கணவர். ஏசி மெக்கானிக். போன மாதம் போன் செய்தார்.

"சகலை, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நீங்க பேருக்குத்தான மாப்பிள்ளை. அத்தைய இங்க அனுப்பி வைங்க. இவளுக்கும் மாசம் ஏறுது, கூட ஒருத்தர் வேணும்."

"அப்போ நான் உங்களுக்கும் பேருக்குத்தான சகலை?"

"சேச்சே. சகலைங்கறது வேற. அது நிரந்தரம்."

சகலை உறவும் அதே ஒரு பெண்ணின் மேல்தான் நின்றது. அவரிடம் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அத்தையும் எட்டு மாதமாக என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. முன்பெல்லாம் வாக்கியத்துக்கு ஒரு மாப்பிள்ளை விழும். இப்போது "சாப்பாடு வச்சிருக்கு, வாங்க", "கதவ சாத்திக்குங்க" என்பதோடு சரி. நான் வினைமுற்றின் வால் பகுதியில் மட்டும் வசிக்கிறேன்.

2½

(பிரிவு எண்கள் வரிசை அளவைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே சரிபாதி என்று ஒன்று கிடையாது. ஆனாலும் இதை வேறெங்கே வைப்பது என்று தெரியவில்லை.)

அலுவலகம் என்னை ஓர் ஆலோசகரிடம் அனுப்பியது. சுவரில் அருவிப் படம். மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, என் கைக்கு எட்டும்படி தள்ளிவைக்கப்பட்டிருந்தது.

"பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள, உங்க துக்கம் எவ்வளவுன்னு சொல்லுங்க."

"இது வரிசை அளவுங்களா, இடைவெளி அளவுங்களா?"

"என்னது?"

"மூணுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசமும், எட்டுக்கும் ஒம்பதுக்கும் உள்ள வித்தியாசமும் ஒண்ணான்னு கேக்கறேன்."

"சும்மா மனசுல படற நம்பரச் சொல்லுங்க."

"பூஜ்யம்."

எழுதிக்கொண்டார். பிறகு பேனா நின்றது.

"ஒண்ணுமே இல்லையா?"

"பூஜ்யம்னா இல்லைன்னு அர்த்தமான்னுதான் நானும் கேட்டேன்."

அடுத்த வாரம் வரச் சொன்னார். போகவில்லை. அவருடைய தாளில் நான் இன்னும் பூஜ்யமாகத்தான் இருப்பேன். (இங்கே ஒரு நல்ல வாக்கியம் வர வேண்டும். அவளுடைய பல் துலக்கும் தூரிகையை நான் இன்னும்)

3

வியாழக்கிழமை. கதை இங்கேதான் தொடங்குகிறது. மேலே உள்ளவற்றை முன்னுரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் காகிதப் படிவம் இல்லை. எல்லாம் டேப்லெட்டில், எங்கள் பேச்சில் டேப்பில். ஊழியர்கள் அவரவர் வீட்டில் ஒரு முறை நிரப்பிப் பார்த்துத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. மாலையில் டேப்பை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். எதிரே அத்தை உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுத் தலைவர் யாரு?"

"இதென்ன கேள்வி. நீங்கதான்."

என்னை 1 என்று போட்டேன். அடுத்த ஆள், அத்தை. தலைவருக்கு என்ன உறவு? பட்டியல் திறந்தது. மாமனார் அல்லது மாமியார், எண் 7. தொட்டேன். திரை சிவந்தது.

"பிழை 27: தலைவரின் துணை இல்லாத வீட்டில் மாமியார் இருக்க இயலாது. சரிபார்க்கவும்."

அத்தை ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டே எட்டிப் பார்த்துப் படித்தார்.

"சரியாத்தான சொல்லுது."

"மெஷின் அத்தை. அதுக்கு என்ன தெரியும்."

"மெஷினா யோசிச்சு எழுதிச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். புனைவு எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை.

"நான்தான் எழுதினேன். போன வருஷம். அம்மாவையும் மாமியாரையும் மாத்தி மாத்திப் போட்டுடறாங்கன்னு ஒரு விதி."

"அப்போ நீங்கதான் சொல்றீங்க."

(போன வருடம் அந்த விதியை இதே மேஜையில்தான் எழுதினேன். மாமியார் இருந்தால் மனைவியும் இருப்பாள், இது கூடவா தப்பும் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் அடுத்த அறையில் இருந்தாள். சிரித்தாள் என்று எழுதலாம். தரவு இல்லை.)

அத்தை சட்டைகளை அடுக்கி முடித்தார்.

"கீழ மத்த உறவுன்னு ஒண்ணு இருக்கே. அதுல போடுங்க. எதுக்கு அதோட மல்லுக்கு நின்னுகிட்டு."

9, மற்ற உறவு. உடனே ஏற்றுக்கொண்டது. பச்சை எழுத்தில் "நன்றி" என்று வந்தது.

மறுநாள் காலை அத்தை சின்ன மகளுக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சகலை வண்டியோடு வருவதாக முடிவாயிற்று. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "சரி" என்றுதான் சொல்லியிருப்பேன். எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

4

அத்தை பாத்திரம் சரியாக வரவில்லை என்று எனக்கே சந்தேகம். கதைகளில் இந்த இடத்தில் ஒரு தாய் உடைந்து அழ வேண்டும். இவர் பை எடுத்துத் தூசி தட்டினார். ஆகவே பாத்திரத்தைச் சற்று மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பாத்திரம் நாற்காலியில் உட்கார்ந்து முதல் மூன்று பிரிவுகளையும் படித்துக்கொண்டிருந்தது.

"நான் அம்பத்தாறா?"

"ஆமா."

"அம்பத்தஞ்சு. அடுத்த மாசம்தான் அம்பத்தாறு."

"மாத்திடறேன்." (மாற்றவில்லை. கதை வெளிவரும்போது சரியாகிவிடும்.)

"செருப்புக் கடைன்னு மொட்டையா போட்டிருக்கீங்க. நான் என்ன அங்க வாசல்லயா நிக்கறேன்? இருபத்திரண்டு வருஷமா கால் அளக்கறேன்."

"அதையும் சேத்துடறேன்."

"அப்போ செருப்பு சைஸ் எந்த வகைன்னும் எழுதுங்க. ஒவ்வொரு நம்பருக்கும் ஏறுறது ஒரே அளவுதான். ஆனா எட்டாம் நம்பர் நாலாம் நம்பரவிட ரெண்டு மடங்கு நீளம்னு எவனாவது சொன்னா அவன் கடைக்கே வராதவன். பூஜ்யம் நம்பரும் உண்டு, கைக்குழந்தைக்கு. பூஜ்யம்னா கால் இல்லைன்னா அர்த்தம்?"

கையேட்டில் நான் நான்கு பக்கம் திணறியதை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார்.

"இதுக்குப் பேருதான் இடைவெளி அளவு அத்தை."

"பேரு என்னவோ இருந்துட்டுப் போகட்டும். கடிக்காம இருந்தா சரி."

தாள்களை மேஜையில் தட்டி ஒழுங்காக்கினார்.

"நான் அழற மாதிரி எங்கயும் காணோம்."

"நீங்க அழலையே."

"நீங்களும்தான்."

குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. (இது நிரப்புவதற்காகப் போட்ட வரி. எங்கள் குழாய் சொட்டாது.)

"கதைன்னா ஒருத்தராவது அழணும். சகலைய அழ வைங்க. நல்லா அழுவார்."

"அத்தை, அங்க போயே ஆகணுமா?"

இதுதான் எட்டு மாதத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, படிவத்தில் இல்லாதது. அவர் தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

"அங்க போனா அம்மான்னு ஒரு வேலை இருக்கு. இங்க நான் மத்த உறவு."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு சொல். இப்போது எழுதிப் பார்த்தாலும் முழுதாக வர மாட்டேன் என்கிறது. போகா

5

சனிக்கிழமை அரை நாள் அலுவலகம். தசமத்திடம் போய் 27ஆம் விதியை எடுத்துவிடலாம் என்றேன்.

"முடியாது. நிரலப் பூட்டியாச்சு. புதுசா சேக்கலாம், இருக்கறத எடுக்க முடியாது."

"எங்க வீட்டுல அத்தை இருக்காங்க சார்."

"இருப்பாங்க. எத்தன வீட்டுல இப்படி இருக்கும்? ரெண்டு இடத்துக்குச் சொல்லுங்க."

"தெரியாது சார். விதி இருக்கறதால யாரும் கணக்குல வரவே மாட்டாங்க."

தசமம் என்னைப் பார்த்தார். பிறகு டேப்பை வாங்கி, என் வீட்டுப் படிவத்தைத் திறந்து, எல்லாவற்றையும் அழித்தார். அத்தையைத் தலைவர் ஆக்கினார். 1. என்னை இரண்டாம் ஆளாகப் போட்டு, உறவுப் பட்டியலில் விரலை மெல்ல இறக்கி 6இல் நிறுத்தினார். மருமகன் அல்லது மருமகள். தொட்டார்.

பச்சை. நன்றி.

"எப்படி சார்?"

"மகள் இல்லாத வீட்டுல மருமகன் இருக்கக் கூடாதுன்னு நீங்க விதி எழுதல. மறந்துட்டீங்க."

"அப்போ இது பிழையா?"

"பிழைதான். திங்கக்கிழமை வந்ததும் 28ன்னு போட்டு அடைச்சுடுங்க." டேப்பைத் திருப்பிக் கொடுத்தார். நான் கதவுவரை போன பிறகு மறுபடி கூப்பிட்டார். "ஆனா அதுக்கு முன்னாடி வந்த படிவத்த யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

"நிச்சயமா சார்?"

"நூறு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்."

அவர் நிரப்பியதை அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் கையேட்டின் பதினான்காம் பக்கம் குறுக்கே நின்றது. தலைவர் யார் என்பதை வீட்டில் இருப்பவர்களைக் கேட்டே எழுத வேண்டும். அதை எழுதியவனும் நான்தான். இந்த அலுவலகத்தில் எனக்கு விரோதி என்று வெளியே யாரும் இல்லை.

6

முடிவுகள். அ, ஆ, இ என்று தருகிறேன். இவை பெயரளவு. ஒன்றைவிட ஒன்று மேல் இல்லை.

அ. நான் கேட்கிறேன். அத்தை கண் கலங்க, "சரி மாப்பிள்ளை" என்கிறார். அந்தச் சொல்லை நீங்கள் இரண்டாம் பிரிவிலிருந்தே எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள். அதனாலேயே இது வேண்டாம்.

ஆ. சகலை வருகிறார். அத்தை போகிறார். திங்கட்கிழமை நான் 28ஆம் விதியை எழுதுகிறேன். இலக்கியப் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். தசமத்துக்குப் பிடிக்காது, வீட்டுக்கு எத்தனை ஆள் என்ற சராசரி குறைந்துவிடும்.

இ. சகலையும் மச்சினியும் பிரசவத்துக்கு இங்கேயே வந்துவிடுகிறார்கள். வீட்டில் நான்கு பேர், பிறகு ஐந்து. யார் யாருக்கு என்ன உறவு என்று போட முடியாமல் நிரல் மண்டையைப் போடுகிறது. எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் சகலை குறட்டை விடுவார்.

இவற்றில் எது என்று எனக்குத் தெரியாது. இதுவரை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பை நாற்காலியில் இருந்தது, ஜிப் பாதி மூடியிருந்தது. அத்தை மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தசமம் நிரப்பியதை அழித்துவிட்டு, துடைத்த இடத்தில் டேப்பை வைத்தேன்.

"மறுபடியும் இதுவா?"

"ஒரே ஒரு கேள்விதான் அத்தை. வீட்டுத் தலைவர் யாரு?"

"அன்னைக்கே சொன்னேனே."

"உங்களப் போட்டா ஏத்துக்குது."

"யாரு ஏத்துக்குது?"

"மெஷின்."

"நான் தலைவின்னா நீங்க யாரு?"

"மருமகன். ஆறாம் நம்பர்."

"பொண்ணு இல்லாமயா?"

"அதுக்கு விதி எழுத மறந்துட்டேன்."

சிரித்தார். (எட்டு மாதத்தில் இது எத்தனையாவது சிரிப்பு என்று தெரியாது. நான் எண்ணாமல் விட்டது இது ஒன்றுதான்.)

"இத்தன வயசுக்கு அப்புறம் எனக்கு எதுக்குப் பதவி. தலைவின்னா என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். இருந்தா போதும்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அத்தை துடைப்பதை நிறுத்தினார். துணியை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார்.

"அங்க அவளுக்கு ஏழாம் மாசம் நடக்குது."

"தெரியும். நாளைக்குப் போங்க. தற்காலிகமா வெளிய தங்கியிருக்கறவங்கன்னு இதுல ஒரு கட்டம் இருக்கு. ஆறு மாசம் வரைக்கும் எங்க இருந்தாலும் இந்த வீட்டு ஆள்தான்."

"இதுவும் நீங்க எழுதின விதியா?"

"இல்ல. இது பழசு. எனக்கு முன்னாடியே இருந்தது."

"ஆறு மாசத்துக்கு மேல ஆனா?"

"மறுபடியும் வந்து கேக்கணும்."

"யாரு வந்து?"

"நான்தான்."

அத்தை டேப்பைத் தன் பக்கம் திருப்பினார். எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனார். கண்ணாடி அவர் நெற்றிமேல்தான் ஏற்றிவிடப்பட்டிருந்தது. நான் சொல்லவில்லை.

இதை எழுதும்போது மணி நான்கு ஆகப்போகிறது. உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்கிறது. கண்ணாடி தேடுகிறாரா, பையில் வைக்கப் புடவை எடுக்கிறாரா, பையிலிருந்து எடுத்ததைத் திரும்ப அடுக்குகிறாரா, சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குக் கேட்டால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். என்னால் இங்கிருந்து எழுந்து போக முடியாது. டேப் முப்பது விநாடிக்கு ஒரு தரம் அணையப் பார்க்கிறது. அணையாமலிருக்க, காலியான தலைவர் கட்டத்தின் ஓரத்தில் அவ்வப்போது விரலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.